கமான் என்றதும் குனிந்தவன்

1

நான் மலாயாவில் கார் ஓட்டுகிறேன் என்று நெய்க்காரப்பட்டியில் ஒரு பேச்சு இருக்கிறதாம். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சொன்னார். யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. நான் ஓட்டுவது கார் இல்லை, ஜீப். அதுவும் புது ஜீப் இல்லை. இங்கே காட்டுக்குள் கலகம் நடந்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டித் தள்ளியதை, நான் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்தார் மலிவாக வாங்கிப்போட்டார்கள். அதை உருட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். காலையில் டவுனுக்குத் தபால் எடுக்கப் போவது, துரையை ஏற்றிக்கொண்டு தோட்டம் சுற்றுவது, மாலையில் அடியில் படுத்து எது கழன்றிருக்கிறது என்று பார்ப்பது. இதுதான் என் கார் சவாரி.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மச்சினன் தண்டபாணி. என் மனைவி பாப்பாத்தியின் தம்பி, தொப்பம்பட்டியில் தோட்டம் வைத்திருக்கிறான். அவன் கேட்டு எழுதியிருந்தான்: "மச்சான், பழைய ஜீப் ஒண்ணு வெலைக்கு வருதுங்க. தேங்காய், காய்கறி ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போலாமுன்னு இருக்கறேன். நீங்கதான் அதுல ஊறினவரு. என்னென்ன பாக்கோணும்?"

வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டால் எப்படியும் வாங்கிவிடுவான். அந்தக் குடும்பத்தின் பிடிவாதம் எனக்குத் தெரியும், கட்டியிருக்கிறேனே. வாங்கிவிட்டு எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல் ஓட்டுவான். ஆயக்குடிப் பக்கம் வளைவில் போகும்போது ஒரு சக்கரம் தனியாகப் போகும். இந்த மாதிரி நினைப்புகள் எனக்கு வர ஆரம்பித்தால் நிற்காது. ஆகவே தெரிந்ததை எழுதிவிடுகிறேன். அவனைப்போல் அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு பேர் பழைய ஜீப் வாங்கும் யோசனையில் இருக்கலாம், அவர்களுக்கும் ஆகட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொல் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி விஷயத்தில் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

2

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, பின்னால் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் தோள் இறங்கியவன்போல் நின்றால் அந்தப் பக்கத்துக் கமான் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கமான் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜீப்பின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, வில்லைப்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். குலுக்கலை வாங்கிக்கொள்வது அதுதான். புத்தகம் படித்தவர்கள் ஸ்பிரிங் என்பார்கள். திண்டுக்கல் பட்டறைகளில் எங்களுக்கு அது கமான். மேலே இருக்கும் நீளமான பட்டை மெயின் பட்டை. அது முறிந்தால் வண்டி படுத்துவிடும். கீழே உள்ளவை முறிந்தால் வண்டி ஓடும், ஆனால் ஓட்டுகிறவன் பாதி வழி இறங்கி அடியில் பார்த்துக்கொண்டே போவான்.

இதையெல்லாம் நான் பழகியது திண்டுக்கல்லில், ஒரு வெங்காய மண்டியின் ஜீப்பில். பெரிய சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது முதலாளி எடுத்த வண்டி. நான் டிரைவர். பழனி ரோட்டில் ஒரு பட்டறையில் இருந்த காசிம் என் சேக்காளி, என் வயசுக்காரன். வண்டிக்கு எது வந்தாலும் அவன்தான். நான் ஒரு சத்தம் கேட்டது என்று போய் நிற்பேன். அவன் ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்பான்:

"ஏலே அப்பு, இன்னிக்கு என்ன கேட்டுச்சு? கட்டெறும்பு நடந்துச்சா?"

"முன்னால இடது பக்கம், கிணுக்குன்னு ஒரு சத்தம் காசிமு."

"ஒனக்குக் கல்யாணம் ஆகி இம்புட்டு நாளாச்சு. பொண்டாட்டி பேசுறதாச்சும் இப்பிடிக் காது குடுத்துக் கேக்குறியா?"

கிண்டல் செய்தாலும் அடியில் படுத்துப் பார்த்துவிடுவான். பாதித் தடவை ஒன்றும் இருக்காது. மீதிப் பாதியில், கமானைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இடத்தில் புஷ் தேய்ந்திருக்கும். தண்டபாணி, இதைக் கவனித்துக்கொள். புஷ் சின்னச் சாமான், விரல் நீளத்துக்கு ஒரு குழல். அதற்காக யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். அது தேய்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் கிணுக், கிணுக் என்று தட்டும். அடுத்து பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் போல்ட். அது அறுந்தால் அச்சு பின்னால் நகர்ந்துவிடும். அப்புறம் வண்டி தெருநாய் ஓடுகிற மாதிரி, முகம் ஒரு பக்கமும் பின்னங்கால் ஒரு பக்கமுமாக ஓடும். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

ஜீப்பின் கமான் பாரம் சுமப்பதற்காகச் செய்தது. வெறும் வண்டியாக ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும். ஒட்டன்சத்திரத்தில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதெல்லாம் முதலாளிக்கு மேல் கம்பியில் தலை இடிக்கும்.

"ஏண்டா, இது ஜீப்பா, சல்லிக்கட்டுக் காளையா?" என்று தலையைத் தடவுவார்.

காசிம்தான் வழி சொன்னான். "வண்டி வெறும் வயித்தோட இருக்கு மொதலாளி, அதான் துள்ளுது. ரெண்டு மூட்டைய உள்ள போட்டு வச்சிருங்க. பூனையாட்டம் போகும்." அதிலிருந்து திரும்பும் வண்டியிலும் வெங்காய மூட்டை கிடக்கும். முதலாளியின் தலைக்காகத் திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டே முளைவிட்ட வெங்காயம் உண்டு.

என் மகள் சரோஜா பிறந்ததும் அந்த மூட்டைகளின் மேல்தான் என்று சொல்லலாம். பாப்பாத்தி தாய்வீடான பாலசமுத்திரத்தில் இருந்தாள். வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தபோது நானும் வண்டியும் நெய்க்காரப்பட்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். மூட்டைகளை இறக்க நேரமில்லை. அவளை அவற்றின் மேல் சாய்த்துப் பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் முதலாளி நசுங்கிய மூட்டைகளைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளையா? மகாலச்சுமி. நல்லாருக்கட்டும்" என்றார். செத்த நேரம் பொறுத்து, "வெங்காயம் எம்புட்டுடா போச்சு?" என்றார்.

3

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் என் சித்தப்பா ஒருவர் மூலமாகக் குடும்பத்தோடு மலாயா வந்தேன். சரோஜா கைக்குழந்தை. இங்கே துரை என்றால் தோட்ட மேனேஜர், வெள்ளைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை கிடையாது. முதல் தடவை அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். புது இடம், பழகாத வண்டி, கரட்டுப் பாதை. அச்சத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன். துரை வாட்சைப் பார்த்தார், கதவில் தட்டினார்.

"கமான்! கமான்!"

பிரேக்கை மிதித்தேன். வந்த அன்றைக்கே கமான் போய்விட்டதா? இறங்கி, சேற்றில் முழங்கால் போட்டு, நாலு கமானையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. துரைக்குக் கமான் என்று வார்த்தை தெரிந்திருக்கிறதே என்று மனசுக்குள் மரியாதைகூட வந்தது. "குட் சார்" என்று சொல்லி ஏறினேன். வண்டி நகர்ந்தது. துரை பெருமூச்சு விட்டு மறுபடியும், "ஓ, கமான்!" என்றார். மறுபடியும் இறங்கினேன். பின்னால் வலது பக்கத்துப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று நல்ல சத்தம். அடுத்த தடவை அவர் சொன்னபோது நான் இறங்க, துரையும் இறங்கிவிட்டார். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் குனிந்தார். இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு அடியில் பார்த்தோம். நான் பட்டையைத் தொட்டுக் காட்டி, "கமான். குட்" என்றேன். துரை என் முகத்தையே பார்த்தார்.

பிறகு ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கு எழுதும் ஐயா, இரண்டு பக்கத்துக்கும் அர்த்தம் சொன்னார்: துரையின் கமான் சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டுகிற இங்கிலீஷ், என் கமான் வண்டிக்கு அடியில் இருப்பது. துரை சிரித்ததில் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடுமோ என்று இருந்தது. வேலை போகவில்லை, பெயர்தான் போயிற்று. அதிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் என் வண்டியைக் கண்டால் "கமான்!" என்று கத்திவிட்டு ஓடும்.

அர்த்தம் தெரிந்த பிறகாவது உடம்பு கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் என் கால் பிரேக்குக்குப் போகிறது, தலை குனிகிறது. திண்டுக்கல்லில் காதுக்குள் போன வார்த்தை. இங்கிலீஷ் அதற்கு அப்புறம்தான் வந்தது.

4

இந்தத் தோட்டத்து ஜீப்பின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப் எல்லாவற்றுக்கும் இவைதான் வருகின்றன.

ஒரு வேகத்துக்கு மேல் போனால், சின்னக் குழியில் சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் பேய் பிடித்த மாதிரி கையில் ஆடும். இறுக்கிப் பிடித்தால் அடங்காது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். காரணம், முன்சக்கரம் திரும்புகிற முளைகளிலும் குறுக்குக் கம்பியின் முனைகளிலும் தேய்மானம். வாங்குமுன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல் ஆடுகிற மாதிரி ஆடினால் விட்டுவிடுங்கள்.

பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கும். இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். வெயில் நேரத்தில் பெட்ரோல் பம்பு சூடேறினால் நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றி, அது குளிரும்வரை காத்திருக்க வேண்டும். மழையில் ஒயர்கள் நனைந்தாலும் வண்டி நின்றுவிடும், அப்போது காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி, காய்ந்த துணி இரண்டும் எப்போதும் என் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை அரித்தது பின்னால் இடது கமான். இரண்டாம் பட்டையில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. புதுக் கமான் வேண்டும் என்று கிராணியிடம் சொன்னேன். அவர் மூன்று பிரதி டைப் அடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். வண்டி எந்த வருஷத்தது என்று கேட்டு வந்தது. பதில் போயிற்று. அந்த வருஷத்து வண்டி இன்னும் உபயோகத்தில் இருப்பது ஏன் என்று கேட்டு வந்தது. அதற்குக் கிராணியால் பதில் எழுத முடியவில்லை.

"ஓடுற வரைக்கும் ஓட்டுப்பா. நின்னா நிக்கட்டும். நீயா வாங்கின?" என்றார்.

வெடிப்பு இருந்த இடத்தில் பழைய டயரிலிருந்து வார் அறுத்துச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அதுதான் முடிந்தது.

காகித விஷயத்தில் வண்டியும் நானும் ஒன்று. அடையாளக் கார்டில் என் சொந்த ஊரை எழுதியவர் சீனர், லைசென்சில் எழுதியவர் மலாய்க்காரர். இரண்டு பேரும் திண்டுக்கல் என்பதை அவரவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கிறது. குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, இரண்டு ஊரில் எதில் பிறந்தாய் என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான், மலையும் கோட்டையும் இருக்கும் ஊர் என்று சொன்னேன். மலையையும் கோட்டையையும் எழுத அந்தத் தாளில் இடமில்லை. மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சரோஜாவுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தபாலுக்குப் போகும்போது நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். முதலில் பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள். பிறகு, "அந்த மரத்துகிட்டயே நிறுத்துங்கப்பா" என்றாள். பிறகு அதற்கும் முன்னால் கடைவீதி முனையில். வண்டி போடுகிற சத்தம் அப்படி, நான் அவளைக் குறை சொல்லவில்லை. கடையிலோ ஆபீசிலோ நான் வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்கப்பா, நான் பேசறேன்" என்று முன்னால் வந்துவிடுவாள். காலையில் நேரமாகிவிட்டால் வண்டிக்குள் இருந்துகொண்டே "கமான்ப்பா" என்பாள். நான் குனிந்துவிடுவேன். சின்ன வயதில் அதற்குச் சிரிப்பாள். வரவரச் சிரிப்பதில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் ஒரே அறையில் இருக்கிறோம். சில நாள் அவள் பேசுவது பக்கத்து ஊரிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

5

போன மழைக்காலத்தில் பாப்பாத்தி பிள்ளை உண்டாகியிருந்தாள். சரோஜாவுக்குப் பிறகு இரண்டு தரித்து, இரண்டும் தங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். மாதம் நெருங்கியதும் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். வழியில் உடம்பு குலுங்கவே கூடாது.

தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவில் இருப்பது குலுங்குவதற்கென்றே போட்ட ரோடு. அதில் ஓடுவதற்கு என் ஜீப் ஒன்றுதான். டவுனிலிருந்து வாடகைக் கார் அழைக்கலாம் என்று பார்த்தேன். ஓடையில் தண்ணீர் வந்தால் கார் தாண்டாது, ஜீப்தான் தாண்டும்.

பாப்பாத்திதான் சொன்னாள். "ஏனுங்க, அன்னிக்கு வெங்காய மூட்டை மேல சாஞ்சுக்கிட்டுப் போனனே, ஒரு குலுக்கல் தெரியலீங்க. அதே மாதிரி பாரம் போட்டுக்கிட்டாப் போச்சு."

பாரம் போட்டால் துள்ளாது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் பாரம் போட்டால் அந்த வெடித்த பட்டை முறியும். போடாவிட்டால் பட்டை பிழைக்கும், அவளைத் தூக்கித் தூக்கிப் போடும். இதை அவளிடம் சொல்லவில்லை. படுத்தால் இது, எழுந்தால் இது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். கம்பிக் கட்டை மேலும் இறுக்கினேன்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. மத்தியானம், நல்ல மழை. துரை லீவில் ஊர் போயிருந்தார். அவருக்கு அடுத்த மேனேஜரான சின்னத் துரை, "எடுத்துக்கொண்டு போ" என்று கையை ஆட்டினார். மூட்டைக்கு எங்கே போவது? அரிசிக் கடை பூட்டியிருந்தது. ரப்பர் கட்டுகளைத் தொட்டால் கிராணிக்கு வேலை போய்விடும். நான் லயத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றதைப் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை பார்க்கும் அஞ்சலை பார்த்தாள். சேலம் பக்கத்துக்காரி, ஆள் கனம்.

"என்னா அண்ணே, பொண்டாட்டிக்கு வலி வந்தா நீ ஏன் மரமாட்டம் நிக்கற?"

"வண்டில பாரம் இல்லம்மா. பாரம் இல்லாட்டி துள்ளும்."

"எம்புட்டுப் பாரம் வேணும்?"

நான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டேன். தப்பாக இல்லை, கணக்குப் பார்த்தேன்.

"அடி பாருங்கடி, என்னை எடை பாக்குது இந்த ஆளு!" என்று லயத்துப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏய், வாங்கடி நாலு பேரு! மூட்டை வேணுமாம். ஒல்லியானவளுங்க வராதீங்க, மானம் போயிரும்."

வந்தார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சேற்றுக் காலோடு பின்னால் ஏறினார்கள். பாப்பாத்தியை நடுவில் பாயில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி ஒரு சாண் இறங்கிற்று. நான் குனிந்து இடது கமானைப் பார்த்தேன். வளைவே போய்ப் பட்டைகள் நேராக நின்றன.

"ஒருத்தர் மட்டும் எறங்கிக்கிட்டா..." என்றேன்.

"எறங்கறதா இருந்தா நீ எறங்கு, நாங்க ஓட்டிக்கறோம்" என்றாள் அஞ்சலை.

சரோஜா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முதல் இறக்கத்தில் இரண்டு கையும் ஸ்டீரிங்குக்கு வேண்டியிருந்தது. கியர் கழன்றால் வண்டி ஓடிவிடும்.

"சரோஜா, இந்தக் கம்பியப் புடிச்சுக்கோ. வுட்றாத. அது வெளிய வரப் பாக்கும்."

ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கம்பி அதிரும்போது அவள் தோள் அதிர்ந்தது. கடைவீதி முனையில் இறங்கிப் போகிற பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கியரைப் பிடித்திருந்தாள்.

ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தது. நிறுத்தி, பானட்டைத் திறந்து, விசிறி தண்ணீரை அள்ளி எஞ்சின் மேல் அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினேன். காய்ந்த துணியால் ஒயர்களைத் துடைத்து மூடினேன். இறக்கினேன். தண்ணீர் கதவடிக்கு வந்தது. பின்னால் பெண்கள் பழனிமலையானைக் கூப்பிட்டார்கள். எஞ்சின் இரண்டு தடவை இருமிற்று. நிற்கவில்லை. அக்கரையில் ஏறும்போது இடது பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கிற்று.

டக்.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். ஆயிரம் சத்தத்தில் அதை எடுத்துக் கொடுப்பேன்.

"என்னங்க சத்தம்?" பாப்பாத்தி பின்னாலிருந்து கேட்டாள்.

"கல்லு. ஒண்ணுமில்ல, கல்லு."

மெயின் பட்டை ஒன்றுதான் இனி. கரையில் நிறுத்தி விசிறி பெல்ட்டை மாட்டும் சாக்கில்கூட நான் அடியில் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்டமாட்டேன் என்று என்னைப்பற்றி எனக்குத் தெரியும். மிச்ச தூரம் முழுவதும் வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. பின்னால் எவளும் பேசவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் மூச்சைப் பிடித்தேன். வண்டி துள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பூனையாட்டம் போயிற்று.

6

ஆஸ்பத்திரியில் மலாயில் கேட்டார்கள், இங்கிலீஷில் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் சரோஜா முன்னால் போய் எல்லாம் சொன்னாள். அம்மா பெயர், வயது, எத்தனை தங்கவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் புரியாததில் அன்றைக்கு ஒரு நிம்மதி இருந்தது. பாப்பாத்தியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அஞ்சலையும் மற்றவர்களும் தாழ்வாரத்தில் சாக்கைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். நானும் சரோஜாவும் கதவருகே பெஞ்சில்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாப்பாத்தியின் குரல் கேட்டது. அதற்கு மேலே ஒரு நர்சின் குரல், சண்டைக்காரி மாதிரி.

"கமான்! கமான்!"

சரோஜா என்னைப் பார்த்தாள். எனக்கு அர்த்தம் தெரியும். கிராணி சொல்லியிருக்கிறார், அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் பெஞ்சில் இருக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவும் முடியாது. எழுந்து வெளியே வந்தேன். மழை தூறலாகியிருந்தது. கால் வண்டிக்குக் கொண்டுபோயிற்று. அடியில் படுத்தேன்.

இரண்டாம் பட்டை இரண்டு துண்டு. டயர் வாரும் கம்பியும் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தன. மெயின் பட்டையைக் கையால் தடவினேன். வெடிப்பு எதுவும் கையில் படவில்லை. மறுபடியும் தடவினேன். இதை வைத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். திரும்பும்போது இந்த வண்டியில் யார் யார் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மேலே போகவிடாமல் பட்டையையே தடவிக்கொண்டிருந்தேன். மண்ணும் கிரீஸும் முகத்தில் சொட்டின.

"அப்பா! கமான்! கமான்ப்பா!"

படியிலிருந்து சரோஜா கத்தினாள்.

"பாத்துட்டேம்மா" என்றேன் அடியிலிருந்தே. "ரெண்டாம் பட்டை போயிருச்சு. மெயின் பட்டை இருக்குது."

பிறகு ஓடிவரும் காலடி. என் தலைக்குப் பக்கத்தில் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு சடையும் சேற்றில் கிடந்தன. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அந்தக் கமான் இல்லீங்கப்பா. வாங்கன்னு கூப்பிட்டேன். தம்பி பொறந்திருக்கான்."

"அம்மா?"

"தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. உங்களத்தான் வையறாங்க."

"என்னன்னு?"

"கல்லுன்னு பொய் சொன்னீங்களாம். பட்டை முறியற சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்னு கேக்கறாங்க. நீங்க பயந்துட்டா வண்டி நின்னுபோயிரும்னு பேசாம வந்தாங்களாம்."

சரோஜா கையை நீட்டினாள். கையெல்லாம் கிரீஸ் என்றேன். அவள் காதில் வாங்காமல் பிடித்து இழுத்தாள்.

தண்டபாணி, வாங்குவதானால் வாங்கு. மேலே எழுதியதெல்லாம் பார்த்துக்கொள். கடைசியாக ஒன்று. பணம் கொடுக்குமுன் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, நீ பின்னால் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேள். உன் அக்காள் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.